இடது பக்கத்துக் கதவு

செவ்வாய், இரவு.

பிக்கப் வண்டியை இன்று காலை பட்டறையிலிருந்து எடுத்து வந்தேன். மேலே ஏணி வைக்க இரும்புச் சட்டம், பின்னால் டிரில், ஒயர், ஸ்பேனர் எல்லாம் போட நீளமான பெட்டி. சுத்தமான வேலை. தப்பு என்னுடையதுதான்.

பெட்டிக்குக் கதவு எந்தப் பக்கம் என்று வெல்டர் பாய் போன வாரம் கேட்டார். யோசிக்காமல் இடது பக்கம் என்றேன். பத்து வருஷமாக நான் ஓட்ட, கூட வேலை பார்த்த ஏழுமலை இடது பக்கம்தான் இறங்குவான். நான் சாவியை எடுப்பதற்குள் டிரில்லோடு நிற்பான். அவன் காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் வேலைக்குச் சேர்ந்து ஐந்து மாதம் ஆகிறது. போன் போட்டால், "ஷிப்ட்ல கீறேன் மச்சான், அப்பால பேசறேன்" என்கிறான். பேசுவதில்லை.

இன்று கும்மிடிப்பூண்டி இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஒயரிங் வேலை. ஒவ்வொரு சாமானுக்கும் நான் ஒருத்தனே வண்டியைச் சுற்றிச் சுற்றி நடந்தேன். சாயங்காலம் நேரே பட்டறைக்குப் போனேன்.

"பாய், கதவ இந்தாண்ட மாத்த முடியுமா?"

"அரை நாள் வேல நைனா. நாளைக்கு வண்டிய உட்டுட்டுப் போ. நீ தனியாத்தானே போய்க்கினு கீற, அப்பவே சொல்லக் கூடாதா?"

வெட்ட வேண்டிய இடத்தில் பாய் சாக்பீஸால் கோடும் போட்டுவிட்டார்.

வீட்டுக்கு வந்து வண்டியை நிறுத்தினேன். கொஞ்ச நேரம் அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். சுற்றி நடந்தால் கால் ஒன்றும் தேய்ந்துவிடாது. ஈரத்துணி எடுத்து வந்து துடைத்துவிட்டேன்.