அட்டை இல்லாத பிங்கோ

என் கோபக்காரனுக்கு,

மீன் ஆலை மாடியில் இருக்கும் நம்மூர் வானொலியை இந்த மாதத்தோடு மூடுகிறார்கள். இத்தனை வருடம் அதற்குச் சோறு போட்டது புதன்கிழமை பிங்கோதான். நான் எண்களை வாசிக்க, கடையில் வாங்கிய அட்டையோடு ஊரே காத்திருக்கும்; அட்டையில் எண்கள் நிறைந்தவர் தொலைபேசியில் கூப்பிட்டு "பிங்கோ" என்றால் பரிசு.

அட்டையே வாங்காமல் வாராவாரம் தொலைபேசியில் "பிங்கோ" என்றவன் நீ ஒருவன்தான்.

"அட்டை இல்லாம எதுக்குய்யா கூப்புடுற?" என்று ஒருநாள் எரிந்து விழுந்தேன்.

"நம்பரைக் கேக்கவா கூப்புடுறேன்?" என்றாய். அது ஒலிபரப்பாகி ஊரே சிரித்தது. அடுத்த கோடையில் நமக்குக் கல்யாணம்.

நீ கோபித்துக்கொண்டு பெர்கன் நகரத்துக்குப் போன பிறகு, யார் கூப்பிட்டாலும் உன் மூச்சா என்றுதான் முதலில் கவனிக்கிறேன். நேற்றும் "பிங்கோ" என்று கூப்பிட்டது நம்மூர்க் கிழவர் ஓட்வர்தான். அவரிடம் அட்டை இருந்தது.

வீட்டைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. உன் படகுக்கு நானே வண்ணம் பூசிவிட்டேன்.

வரும் புதன்கிழமை கடைசி பிங்கோ. பெர்கனிலும் இணையத்தில் கேட்கலாம். தொலைபேசி எண் மாறவில்லை. அட்டை வாங்காதே.

இப்படிக்கு,
எண்களை வாசிப்பவள்