பொட்டு வைத்த கம்ப்யூட்டர்

என்னங்க,

மீமிசலில் ஒரு காதுகுத்துக்குப் படம் எடுக்கப் போகிறேன். சாயங்காலம்தான் வருவேன். ஹாட்பாக்ஸில் இட்லி இருக்கிறது. பூஜைச் சுண்டலை முதலில் தீர்த்துவிடுங்கள்.

கம்ப்யூட்டர் ரூமுக்குள் காலை வைக்காதீர்கள். நேற்றுப் புது ஆப்பரேட்டிங் சிஸ்டம் எண்பத்திரண்டு சதவீதம் ஏறியிருந்தபோது, "ஆயுத பூஜையன்னிக்கு ஆயுதம் ஓய்வெடுக்கணும்டி" என்று சுவிட்சை அணைத்து, சந்தனமும் குங்குமமும் வைத்த புண்ணியவான் நீங்கள். அதுவும் நன்றாக ஓய்வெடுத்தது, எழுந்திருக்கவே இல்லை. கந்தர்வக்கோட்டைக் கல்யாணப் படம் மொத்தமும் அதற்குள்தான் இருக்கிறது. வேறு காப்பி கிடையாது. மாப்பிள்ளையைக் கூப்பிட்டு மறுபடி தாலி கட்டச் சொல்ல முடியுமா?

காலையில் பென் டிரைவில் வேறொரு சிஸ்டத்தைப் போட்டுக் கிளப்பிப் பார்த்தேன். படங்கள் பத்திரமாக இருக்கின்றன. இப்போது வெளி ஹார்ட் டிஸ்க்குக்குக் காப்பி ஆகிறது, மத்தியானம் வரை ஓடும். மெயின் சுவிட்ச் பக்கம் உங்கள் கை போனால் நான் மீமிசலிலேயே தங்கிவிடுவேன்.

கல்யாணப் பெண்ணின் அப்பா மதுரைவீரன் ஆல்பம் கேட்டு போன் செய்தார். "இன்னும் மறுபூஜை போடலைங்க, மிஷினைத் தொடக்கூடாதுல்ல" என்றேன். "அதாம்மா முறை! மெதுவாவே குடுங்க" என்று உருகிவிட்டார். இதில் நீங்கள் ஜெயித்ததாக நினைக்க வேண்டாம்.

புவனேஸ்வரி
(கோபத்தில் முழுப் பெயர்)

இன்னொன்று: மதுரைவீரன் இங்கிட்டு வந்தால் எட்டிப் பார்ப்பாராம். ரூம் கதவைச் சாத்தியே வையுங்கள். உள்ளே என்ன சத்தம் என்று கேட்டால் கிரைண்டர் என்று உளறாதீர்கள், அதற்கும் பொட்டு வைத்திருக்கிறீர்கள். பெண்டாட்டி உறுமுகிறாள் என்று சொல்லுங்கள். நம்புவார்.