காதுகுத்துக்கு வந்த பிள்ளை

ஜூலை 7, திங்கள்
காலையில் தூறல். பி.பி. மாத்திரை வாங்க வேண்டும். நிலாவின் சீருடைக்குப் பட்டன்.

கோர்ட் நோட்டீஸ் வந்தது. மருமகள் கவிதா ஜெர்மனியிலிருந்து உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு போட்டிருக்கிறாள். ஆறு வயது நிலாவை என் மகன் செந்தில் சட்டவிரோதமாக இங்கே வைத்திருக்கிறானாம். 'வைத்திருக்கிறானாம்' என்ன, வைத்துத்தான் இருக்கிறான்.

இருவரும் பிரிந்து இரண்டு வருடம்; நிலா அம்மாவோடு அங்கே இருந்தாள். காதுகுத்து என்று சொல்லி மே மாதம் கூட்டி வந்தான். கவிதாவுக்கு லீவு இல்லை. "தாய்மாமன் மடியில வச்சுக் குத்திட்டு நாலு வாரத்துல அனுப்பிடறோம்மா" என்று போனில் வாக்குக் கொடுத்தது நான். அவள் அண்ணன் முருகன் ஏரியூரிலிருந்து சீரோடு வந்து மடியில் வைத்துக்கொண்டார். ஜூனில் செந்தில் டிக்கெட்டை ரத்து செய்துவிட்டான்.

பிள்ளை சும்மா இருக்கிறதே என்று பள்ளியில் சேர்த்ததும் நான். தலைமையாசிரியை என் பழைய மாணவி. "சார் சொன்னா போதுங்க" என்று டி.சி. கூடக் கேட்கவில்லை. முட்டாள். நான்தான்.

ஜூலை 9, புதன்
தருமபுரி. செந்திலின் வக்கீல். டீ நன்றாக இருந்தது, பேச்சுத்தான் நன்றாக இல்லை.

"அந்த நாட்டு கோர்ட்டு அனுப்பச் சொன்னாலும் இங்க அப்படியே செல்லாதுங்க சார். கொழந்தைங்களத் திருப்பி அனுப்பற சர்வதேச ஒப்பந்தத்துல நம்ம நாடு கையெழுத்துப் போடல. கொழந்தைக்கு எது நல்லதுன்னுதான் இங்க பாப்பாங்க. நீங்க ஸ்கூல்ல சேத்தீங்க பாருங்க, அதான் நமக்குப் பலம். இங்கயே பழகிருச்சுன்னு காட்டிரலாம்."

வகுப்பில் ஒருவன் பக்கத்துப் பையனின் பேனாவை எடுத்து மாதம் முழுக்க எழுதுகிறான். கேட்டால், "கைக்குப் பழகிருச்சு சார்." முப்பத்து நாலு வருட வாத்தியார் வேலையில் எவனுக்காவது அந்தப் பேனாவை விட்டுக்கொடுத்தேனா? நிலா பேனா அல்ல, பிள்ளை.

என் பெயரில் வாக்குமூலம் தயாராக இருந்தது: தாயின் சம்மதத்தோடு குழந்தை நிரந்தரமாக இங்கே வந்தது. பொய். படித்துப் பார்க்கிறேன் என்று வாங்கி வந்துவிட்டேன்.

ஜூலை 12, சனி
கரண்ட் இல்லை. நிலாவுக்குக் களி இறங்கவில்லை, தோசை.

செந்தில்: "நீங்க யாரு பக்கம்ப்பா?"
"நிலா பக்கம்."
"அவ என் பொண்ணு."
"கவிதாவுக்கு யாருடா?"
"அவ ஒரு போன் போட்டா நீங்க கரைஞ்சுருவீங்களே."

ஒரு போனா? தினமும் போடுகிறாள். எடுக்காதவன் இவன்.

கையெழுத்துப் போடவில்லை. நடந்ததை நடந்தபடி இரண்டு பக்கம் எழுதினேன். இரண்டு முறை கிழித்து எழுதினேன். கவிதாவின் வக்கீலிடம் கொடுக்க முருகன் வந்து வாங்கிப் போனார். "தங்கச்சிகிட்ட சொல்றேனுங்க மாமா." செந்திலிடமும் மறைக்கவில்லை, சொல்லிவிட்டேன்.

ஜூலை 14, திங்கள்
நல்ல வெயில். பதினோரு மணிக்குப் பள்ளியிலிருந்து போன். நிலா வரவில்லை. நானே விட்டுவிட்டு வருகிறேன் என்று காலையில் செந்தில்தான் கூட்டிப் போனான். அவன் போன் அணைந்திருக்கிறது. பீரோவில் நிலாவின் பாஸ்போர்ட் இல்லை. அவள் துணிகள் இல்லை.

காவல் நிலையம். ஏட்டு எழுந்து நாற்காலி போட்டார். "அப்பாதானுங்களே சார் கூட்டிட்டுப் போயிருக்காரு. அத எப்படிங்க கடத்தல்னு எழுதறது?"

நோட்டீஸைக் காட்டினேன். நிதானமாகப் படித்தார். தாளை எடுத்தார்.

"யாரு மேலங்க புகார்?"

மகன் பெயரைச் சொன்னேன்.

"தகப்பனார் பேரு?"

என் பெயரைச் சொன்னேன்.