நித்யாவின் விசா, எங்கள் நாலு நாள்

ஜூலை 19, சனி

காற்று. சிமெண்ட் தூசி எல்லாம் கண்ணில். காலை ஷிப்ட்.

செய்ய வேண்டியது: கொசுவத்தி, பிளேடு, ஸ்கூட்டி இன்சூரன்ஸ். ஸ்கூட்டி இன்னும் கவிதா பெயரில். மாற்ற வேண்டும். போன மாதமும் இதையே எழுதியிருக்கிறேன்.

கேன்டீனில் இருக்கும்போது நித்யா போன். கவிதாவின் தங்கை, என் கொழுந்தியாள். மும்பையில் அமெரிக்க விசா இன்டர்வியூ முடிந்து வந்ததிலிருந்து தினமும் இதே பேச்சு. புருஷன் பிரபு அங்கே சிட்டிசன், பள்ளிக்கூட வயதிலேயே அப்பா அம்மாவோடு போனவன். கல்யாணமாகி ரெண்டு வருஷம். இவள் இன்னும் பெரம்பலூரில் அம்மா வீட்டில்.

"மாமா, வெப்சைட்ல இன்னும் ரெஃப்யூஸ்டுன்னே காட்டுது மாமா."

"கேட்ட பேப்பர் போய்ச் சேர்ற வரைக்கும் அப்படித்தான் காட்டும். முடியாதுன்னு அர்த்தம் இல்ல."

"நேத்தும் இதையேதான் சொன்னீங்க."

"நேத்தும் இதையேதான் கேட்ட."

அழுதாள். அழுகை நிற்கட்டும் என்று போனைக் காதிலேயே வைத்துக்கொண்டு தயிர்சாதம் சாப்பிட்டேன்.

எங்கள் பிளான்ட் கருவிகளில் சிக்னல் நாலிலிருந்து இருபது மில்லி ஆம்பியர். நாலு வந்தால் தொட்டி காலி, ஆனால் ஒயர் நன்றாக இருக்கிறது. பூஜ்யம் வந்தால் ஒயரே அறுந்துவிட்டது. நித்யாவுக்கு வருவது நாலு. அதை அவளுக்குச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

அவளிடம் ஒரு கேஸ் நம்பர் இருக்கிறது. காலையில் எழுந்து டைப் அடித்துப் பார்க்க ஒரு பக்கம் இருக்கிறது. அவள் அழுவது எனக்குப் பொறாமையாக இருக்கிறது. இதை யாரிடமும் சொல்ல முடியாது, இங்கேதான்.

கவிதா போனது போன கார்த்திகையில். டெங்கு. அதற்கு மேல் எழுத வரவில்லை.

ஜூலை 20, ஞாயிறு

பெரம்பலூர், மாமியார் வீடு. பஸ்ஸில் உட்கார இடம் குன்னம் வந்த பிறகுதான். சின்ன வெங்காய மூட்டை மேல் கால்.

அத்தை ஞாயிறு ஞாயிறு வரச் சொல்கிறார். வந்தால் சாப்பாடு போட்டுவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் ரசத்தைப் பார்த்துப் பேசுவார். "இன்னும் கொஞ்சம் போட்டுக்கங்க மாப்ள, வூட்ல என்னத்தப் பொங்கித் திங்கிறீங்களோ."

அத்தை கடைக்குப் போன நேரத்தில் நித்யா மும்பையில் கொடுத்த சீட்டை எடுத்துக்கொண்டு வந்தாள். இத்தனை நாள் "ஏதோ பேப்பர் கேட்கிறான்" என்று மட்டும்தான் சொல்லியிருந்தாள். கல்யாணத்துக்குப் பிறகு இருவரும் சேர்ந்து இருந்ததற்கு ஆதாரம் வேண்டுமாம். ஜூலை கடைசியில் அரியலூரில் அக்கா வீட்டில் ஒன்றாகத் தங்கினோம் என்று பிரபு விண்ணப்பத்திலேயே எழுதிக் கொடுத்திருக்கிறான். இவளைக் கேட்டபோது இவள் இல்லை என்று சொல்லியிருக்கிறாள். ரெண்டும் முட்டுகிறது, அதனால்தான் இந்தப் பேப்பர்.

"ஏன் நித்யா அப்படிச் சொன்ன?"

"கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வெள்ளக்காரன் மட்டும் இருந்திருந்தா சொல்லியிருப்பேன் மாமா. பக்கத்துல மொழிபெயர்க்க ஒரு அம்மா. தமிழு. பெரிய பொட்டு, நம்ம அம்மா வயசு. 'ஜூலை கடைசியில கணவரோட சேர்ந்து தங்கினீங்களாம்மா'ன்னு கேக்குறாங்க. ஜூலை கடைசின்னா ஆடின்னு அவங்களுக்குத் தெரியாதா? அவங்க மூஞ்சியப் பார்த்து எப்டிச் சொல்றது? 'ச்சீச்சீ, இல்லங்க, அம்மா வூட்லதான் இருந்தேன்'னு வாயில வந்துடுச்சு."

சிரிப்பு வந்தது. எனக்குத்தான். அவள் முறைத்தாள்.

நடந்தது இதுதான். ஆனி முகூர்த்தத்தில் கல்யாணம். ஆடி பிறந்ததும் அத்தை முறைப்படி பெண்ணை அழைத்து வந்துவிட்டார். பிரபுவின் லீவில் பாதி ஆடியிலேயே போய்விடும் நிலை. கவிதாதான் ஏற்பாடு செய்தாள். வீட்டுக்கு வெள்ளை அடிக்கிறோம், உதவிக்கு நித்யாவை அனுப்பு என்று அம்மாவிடம் ஒரு பொய். நண்பர்களோடு கொடைக்கானல் என்று பிரபு அவன் வீட்டில் ஒரு பொய். நாலு நாள் இருவரும் எங்கள் வீட்டில்.

வெளியே தெரிந்துவிடும் என்று போட்டோ கூட எடுக்கவில்லை. தெரிந்தவர்கள் நாங்கள் நாலு பேர். இருவர் விண்ணப்பக்காரர்கள். ஒருத்தி இல்லை. மிச்சம் நான்.

பிரபுவின் வக்கீல் ரெண்டு பேப்பர் கேட்கிறாராம். நித்யாவை அக்கா வீட்டுக்கு அனுப்பினேன் என்று அத்தை கையெழுத்து. அங்கே இருவரும் சேர்ந்து இருந்ததைப் பார்த்தேன் என்று என் கையெழுத்து. அப்படியென்றால் அத்தைக்குச் சொல்ல வேண்டும்.

"அம்மா சொல்லிடும் மாமா. ஆடின்னு கூடப் பாக்காம இப்படிப் பண்ணதாலதான் அக்காவுக்கு..." முடிக்கவில்லை.

எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. ஆனால் அத்தை வாயிலிருந்து அதைக் கேட்க என்னால் முடியாது. ஷிப்ட் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்று கிளம்பிவிட்டேன்.

ஜூலை 22, செவ்வாய்

சூளையில் சூடு அளக்கும் தெர்மோகப்பிள் ஒன்று போச்சு. மாற்றியாச்சு. கையில் சின்னச் சூடு.

டீ நேரத்தில் பாஷா பாயிடம் விசா விஷயம் சொன்னேன். லப்பைக்குடிக்காட்டுக்காரர், எலக்ட்ரிகல். அண்ணன் தம்பி எல்லாரும் துபாய், சவூதி.

"ஒரு விசாவுக்கா இவ்வளவு அழுக? எங்க ஊருக்கு வந்து பாரு செந்திலு. எங்க அண்ணிக்குக் கல்யாணம் ஆன நாள்லேருந்து இதான். வருவாரு, பொட்டி தொறப்பாரு, சென்ட்டு குடுப்பாரு, போயிடுவாரு. பாதி வூட்ல ஆம்பள போட்டோவுலதான் இருக்கான்..."

நிறுத்தினார். கிளாஸைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அல்லாவே. தப்பா எடுத்துக்காத."

"பரவால்ல பாய்."

உண்மையிலேயே தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. சென்ட் பாட்டிலோடு வந்து இறங்கும் அந்த அண்ணனை நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த அண்ணியையும்.

ஜூலை 24, வியாழன்

ஆடி அமாவாசை. கொள்ளிடத்துக்குப் போய்க் கவிதாவுக்குத் திதி கொடுத்துவிட்டு வரச் சொல்லி அத்தை நேற்றே போன். லீவு இல்லை என்று சொல்லிவிட்டேன். லீவு இருந்தது. வீட்டில் படுத்திருந்தேன்.

நித்யாவின் மெசேஜ்கள். "மாமா எழுதிட்டீங்களா." "மாமா மெடிக்கல் ரிப்போர்ட் காலாவதி ஆயிட்டா திரும்ப மும்பை போகணுமாம்." "மாமா ப்ளீஸ்." அப்புறம் கை கூப்பும் படம்.

படித்ததாகக் காட்டாமல் இருக்க, மேலே தெரியும் வரியை மட்டும் படித்தேன். இந்த மாதிரி அற்பத்தனம் எனக்குப் புதுசு.

ஜூலை 26, சனி

பிரபு நேராகவே கூப்பிட்டான். அங்கே காலை.

"சகல, சாரி, உங்கள தொந்தரவு பண்றேன். எனக்கு வேற யாரும் இல்ல. நித்யா ரொம்ப உடைஞ்சு போயிட்டா."

"தெரியும்."

"எனக்கும் முடியல சகல. வேலைக்குப் போறேன், வரேன். ரெண்டு பேருக்குன்னு எடுத்த வீடு. அவளுக்குன்னு ஒரு அலமாரி காலியா வச்சிருக்கேன். அதத் தொறந்து பாத்தா ஒரு மாதிரி ஆயிடுது. இதெல்லாம் உங்களுக்குப் புரியாதுன்னு இல்ல..."

என் வீட்டில் கவிதாவின் அலமாரி நிறைந்து இருக்கிறது. திறப்பதில்லை. காலி அலமாரி வைத்திருப்பவன் என்னிடம் அழுகிறான். லைன் சரியில்லை என்று சொல்லி வைத்துவிட்டேன். லைன் மிக நன்றாக இருந்தது. அவன் மூக்குறிஞ்சுவது கூடக் கேட்டது.

கொஞ்ச நேரம் அசிங்கமாக யோசித்தேன். நான் எழுதவில்லை என்றால் என்ன ஆகும்? இன்னும் கொஞ்சம் காத்திருப்பார்கள். காத்திருக்கட்டுமே. நான் கேட்டால் எனக்கு யார் கொடுக்கிறார்கள் காத்திருக்க?

இன்னொன்று. அந்த நாலு நாள் அவர்களுடையது மட்டும் இல்லை. அதை எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டால் அவர்கள் ஃபைலில் ஒரு தாள் ஆகிவிடும். வேண்டாம் என்று இருக்கிறது.

அப்புறம் துணி துவைத்தேன்.

ஜூலை 27, ஞாயிறு

பெரம்பலூர் போகவில்லை. எழுத உட்கார்ந்தேன். பார்த்ததை மட்டும் எழுதச் சொன்னார்கள். பார்த்தது:

பெட்ரூமையும் ஏசியையும் அவர்களுக்குக் கொடுத்துவிட்டு நானும் கவிதாவும் ஹாலில். டேபிள் ஃபேன் ஒன்று, அது தலையைத் திருப்பும்போதெல்லாம் கவிதா கையால் பிடித்துத் தன் பக்கம் நிறுத்துவாள். சொந்த வீட்டிலேயே கிசுகிசு என்றுதான் பேச்சு. பக்கத்து வீட்டு சரோஜா அக்கா, "யாரு கவிதா அந்தத் தம்பி, நேத்துலேருந்து உள்ளாற நடமாடுது?" என்று கேட்டுவிட்டார். கவிதா யோசிக்கவே இல்லை. "ஏசி மெக்கானிக்குக்கா."

"ரெண்டு நாளாவா?"

"பெரிய ரிப்பேரு."

"அப்ப எங்க வூட்டு ஏசியயும் பாக்கச் சொல்லேன், தண்ணி சொட்டுது."

அமெரிக்காவில் சாஃப்ட்வேர் பார்க்கிறவன் என் ஸ்க்ரூடிரைவரை எடுத்துக்கொண்டு போனான். நான் ஹெல்பர் மாதிரி பின்னால் நின்று காதில் சொல்லச் சொல்ல ஃபில்டரைக் கழற்றிக் கழுவினான். தண்ணீர் சொட்டுவது நின்றுவிட்டது. சரோஜா அக்கா நூறு ரூபாயும் ஒரு சீப்பு பூவன் பழமும் கொடுத்தார். நாங்கள் திரும்பி வந்தபோது கவிதா சமையல்கட்டில் தரையில் உட்கார்ந்து, முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு, சத்தம் வராமல் சிரித்துக்கொண்டிருந்தாள். கண்ணில் தண்ணீர்.

எங்களுக்குக் கல்யாணம் ஆன புதிதில் கூட அப்படி இருந்ததில்லை. அந்த நாலு நாளும் புது மாப்பிள்ளை நான்தான் என்று தோன்றியது.

ஆங்கிலத்தில் ரெண்டு பக்கம் வந்தது. கவிதா பெயருக்கு முன்னால் காலமான என்று போட வேண்டும். ஆங்கிலத்தில் அதற்குச் சின்னச் சொல். அதை அடிக்க இவ்வளவு நேரம் ஆகும் என்று நினைக்கவில்லை. அனுப்பிவிட்டேன்.

ஜூலை 29, செவ்வாய்

வக்கீல் திருத்தி அனுப்பியதை பிரபு அனுப்பினான். ஒரே பத்தி. இந்தத் தேதியிலிருந்து இந்தத் தேதி வரை கணவன் மனைவியாக என் வீட்டில் தங்கினார்கள், நான் அதே வீட்டில் இருந்து நேரில் பார்த்தேன். அவ்வளவுதான். ஏசி இல்லை, பழம் இல்லை, டேபிள் ஃபேன் இல்லை.

கூடவே பிரபுவின் வாய்ஸ் மெசேஜ்: "சகல, நீங்க எழுதுனத நான் ரெண்டு தடவ படிச்சேன். அவங்களுக்குத் தேவை இல்லையாம். சாரி."

வெட்டிவிட்டார்களே என்று முதலில் கோபம். பிறகு, நல்லது என்று இருந்தது. யாரும் கேட்காத ஒன்றைப் பிடுங்கப் போகிறார்கள் என்று ஒரு வாரமாகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

நித்யாவுக்கு மெசேஜ்: "அத்தைகிட்ட நான் சொல்றேன். நீ வாயத் தொறக்காத."

ஆகஸ்ட் 2, சனி

அரியலூரில் நோட்டரி. கூட்டம். முத்திரை மை கையில் ஒட்டியது. என் பேப்பர் முடிந்தது. அத்தை பேப்பர் பையில்.

ராத்திரி ஷிப்ட். தூங்கவில்லை என்றாலும் நாளை போக வேண்டும்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப் பெருக்கு. பஸ்ஸெல்லாம் சோத்து மூட்டையும் பிள்ளைகளுமாக. நின்றே போனேன்.

அத்தை எலுமிச்சை சாதம் கிளறிக்கொண்டிருந்தார். நித்யா புது மஞ்சள் கயிறு மாற்றியிருந்தாள். என்னைப் பார்த்ததும் பின்கட்டுக்குப் போய்விட்டாள்.

சுற்றி வளைக்கத் தெரியவில்லை. அடுப்படி வாசலில் நின்று அப்படியே சொன்னேன். வெள்ளை அடிக்கவில்லை. கொடைக்கானல் போகவில்லை. ஆடியில் நாலு நாள் இருவரும் எங்கள் வீட்டில். அதை மறைத்துப் பேசியதால்தான் விசா நிற்கிறது. நீங்களும் கையெழுத்துப் போட வேண்டும்.

கரண்டி நின்றது.

"நாலு நாளுமா?"

"ஆமாங்க அத்தை."

"நான் கருவாட்டுக் கொழம்பு வச்சி கண்டக்டர் கையில குடுத்து வுட்டனே. அத யாரு தின்னா?"

"பிரபுதாங்க. ரெண்டு தடவ கேட்டு வாங்கிச் சாப்புட்டாரு."

"யாரு யோசன இது?"

சொல்லாமல் இருக்க முடியாது. "கவிதாதாங்க."

அந்த வார்த்தை வரப்போகிறது என்று நிலையைப் பிடித்துக்கொண்டேன். பின்கட்டில் பம்பு சத்தமும் நின்றுவிட்டது.

"களவாணிக் கழுத!" என்றார் அத்தை. "போன்ல என்ன சொன்னா தெரியுமா மாப்ள? 'அம்மா, நித்யா பிரஷ் புடிச்சி அடிக்கிறா பாரு, ஆள விட நல்லா அடிக்கிறா, இன்னும் ஒரு நாளு இருக்கட்டும்'னு சொல்றா! நானும் கூறுகெட்டவ, புள்ளைக்குக் கை வலிக்கும்னு தைலம் வேற வாங்கி வச்சிருந்தேன். சின்னதுலேருந்து இதே பொழப்பு அவளுக்கு. பெத்தவள ஏமாத்துறதுன்னா என்னா ஒரு சந்தோசம். என்னா நெஞ்சழுத்தம். வரட்டும், கன்னத்துல ரெண்டு வச்சாத்தான் அடங்குவா."

கார்த்திகையிலிருந்து எல்லோரும் அவளைத் தங்கம் என்கிறார்கள், மகராசி என்கிறார்கள். திட்டி யாரும் பேசவில்லை. அத்தைக்கு மூச்சு வாங்கியது, முகம் சிவந்திருந்தது. ஒரு நிமிஷம் அவருக்குக் கவிதா ஸ்கூட்டியை நிறுத்திவிட்டு உள்ளே வரப்போகிறவள். அத்தை மேலும் எனக்குப் பொறாமை வந்தது.

பேப்பரை வாங்கி, கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, எங்கே போட வேண்டும் என்று கேட்டார். காட்டினேன். எழுத்துக் கூட்டிக் கையெழுத்துப் போட்டார். இன்னும் கோபம் தணியவில்லை.

"கட்டுன புருஷன் நீங்களாச்சும் கண்டிக்கக் கூடாதா மாப்ள? சொல்லி வைங்க அவகிட்ட."

"சொல்றேங்க அத்தை" என்றேன்.