வெள்ளிக்கிழமை வற்றாத ஏரியும் உமையாழியாருக்கு ஈந்த எண்ணாய்வுப் பீடமும்

நலம் சிறக்க! நீரும் நெல்லும் நீங்காத வெண்கரை நாட்டை ஒரு குடைக்கீழ்க் காக்கும் பொழில்காவலர் திருநிறைகோ மன்னர்க்கு யாண்டு பத்தொன்பதாவது, தைத் திங்கள் ஐந்தாம் நாள், கொற்றமங்கலத்து அரண்மனை ஓலைச்சாலையிலிருந்து, மன்னர் திருவாய் மொழிந்தபடிக்கு ஓலைநாயகம் கூத்தன் பொறையுடையார் விடுக்கும் ஓலை. நிறைமதி ஏரியால் வாழும் மேற்கூற்றத்தின் நாட்டதிகாரி வயிராகரச் சேதிரையர் இதனை இரு கையாலும் ஏற்று முழுதும் படிக்க. உம் கூற்றத்துக் கோயில்களில் விளக்கும், கொட்டில்களில் கன்றும், குடிகளின் கலத்தில் சோறும் குறைவற விளங்குக.

உம் ஓலை வந்தது. இந்நாட்டில் புதிதாக நிறுவப்பெறும் எண்ணாய்வுப் பீடத்தில், அஃதாவது நாடெங்குமிருந்து வரும் அளவுக் குறிப்புகளைப் படித்து அவை சொல்லும் உண்மையை அரசுக்கு உரைக்கும் இருக்கையில், உமையாழி என்பவரை அமர்த்தலாகாது என்று எழுதியிருந்தீர். அவர் எழுத்தர் குடியில் பிறந்தவர் அல்லர் என்றும், ஓலைகளுக்கு எண்ணெய் பூசிப் பூச்சி அரிக்காமல் காக்கும் பணிமகள் என்றும், அவர் எண்ணெய்ச் சட்டியோடு நிற்பதே முறை என்றும் உரைத்திருந்தீர். இரண்டு மாதங்களுக்கு முன் நாமும் அப்படியே சொல்லியிருப்போம். ஆகவே உம்மேல் கோபம் சிறிதும் இல்லை என்று எழுத விரும்பினோம். ஆனால் இருக்கிறது, கொஞ்சம்.

நடந்ததைக் கேளும். சென்ற ஆண்டு மார்கழியில், ஏரியின் ஏழாண்டு அளவோலைகளைச் சான்றாகக் காட்டி, வெள்ளிக்கிழமைகளில் நீர் ஒரு விரலும் குறைவதில்லை என்றும், சனிக்கிழமைகளில் மட்டும் இரு மடங்கு குறைகிறது என்றும், சனிக்கிழமை முறைநீர் பெறும் கடைமடை ஊராகிய ஈச்சங்குடியார் மதகை உடைத்து நீர் திருடுகின்றனர் என்றும் நீர் எழுதினீர். நாம் அதற்கு முத்திரை இட்டோம். ஈச்சங்குடியின் முறை நின்றது. அவர்கள் திருடர் என்று பறையறையப்பட்டது. அந்தத் தையில் அவ்வூர்ப் பயிர் வைக்கோலாயிற்று. பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பது நம் நாட்டுச் சொல்லே அன்றோ!

இந்தக் கார்த்திகையில் அதே ஓலைக்கட்டுகள் எண்ணெய் பூச உமையாழியிடம் சென்றன. தாமே எழுத்துப் பயின்ற அவர், கட்டுகளை அவிழ்த்து, ஆண்டு வரிசையை விட்டுக் கிழமை வரிசையில் ஏழு அடுக்காக வைத்தார் என்று கேள்வியுற்று நாம் வெகுண்டு போனோம். ஏழாண்டு ஒழுங்கைக் குலைத்தது யார் ஏவலில் என்று அவையில் உரக்கக் கேட்டோம். அவர் உரைத்ததைச் செந்தமிழாக்காமல் அப்படியே வைக்கிறோம்: "யாரும் ஏவல சாமி. எண்ணெய் பூசப் பூச கை அதும்பாட்டுக்குப் போகுது, கண்ணு சும்மா இருக்க மாட்டேங்குதே! முந்நூத்தி அறுபத்தஞ்சு வெள்ளிக்கிழமை எண்ணிட்டேன். மழைக்கு ஏறியிருக்கு, ஆனா ஒருக்காக்கூட இறங்கல. சித்திரை வெயில்லயும் இறங்காத தண்ணி என்ன தண்ணிங்க சாமி?"

கேழ்வரகில் நெய் வடிகிறது என்றால் கேட்பவருக்கு மதி எங்கே போயிற்று? அந்த மதி நம்மிடமும் இல்லை, உம்மிடமும் இல்லை, ஏழாண்டும் அந்த ஓலைகளைத் தலைமேல் சுமந்து வந்த எழுத்தர் எவரிடமும் இல்லை. எழுதுவோர் நூற்றுவரை வைத்துச் சோறிடும் இவ்வரசு, எழுதியதைத் திரும்பப் படிப்பார் ஒருவரை வைக்கவில்லை. ஈச்சங்குடிக்குக் கால்வாய் வெட்டியே நான்காண்டுகள்தாம் ஆகின்றன என்பதையும், அதற்கு முந்தைய நான்காண்டுகளிலும் சனிக்கிழமைக் குறைவு இரு மடங்காகவே இருந்ததையும், முறையை நிறுத்திய இந்த ஓராண்டின் புது ஓலைகளிலும் அது சற்றும் மாறவில்லை என்பதையும் உமையாழி அடுக்கிக் காட்டினார். நமக்கு வெட்கமாயிருந்தது.

பின்னர் ஏரிக்கரை எழுத்தர் பெரியநக்கரை அழைத்து வினவினோம். அவர் காதைப் பொத்திக்கொண்டார். "வெள்ளிக்கெழமையும் அதுவுமா ஏரி கொறஞ்சதுன்னு எழுதுறதா? அபசாரம், அபசாரம்! எங்க அப்பா எழுதல, தாத்தா எழுதல. கொறஞ்சிருந்தா வியாழக்கிழமை அளவையே மறுபடி எழுதி ஒரு மஞ்சப்பொட்டு வச்சிருவோம். சனிக்கிழமை ரெண்டு நாளுக்கும் சேத்து எழுதிக்குவோம்" என்றார். வெள்ளிக்கிழமையில் அரிசி இல்லையென்று வாய்விட்டுச் சொல்லாத குடியினர் நாம். எம் மனையாளும் சொல்லார். வீட்டில் அது மங்கலம். அளவோலையில் அது ஓர் ஊரின் வயிற்றில் அடித்தது. ஐயம் அறவே நீங்க, நாமே மூன்று வெள்ளிக்கிழமைகள் ஏரியில் முழங்கால் நீரில் நின்று வேறொரு கோல் நட்டு அளந்தோம். மற்ற நாள்களைப் போலவே ஒரு விரல் குறைந்தது.

பெரியநக்கரைப் பணிநீக்கிச் சிறையிட எண்ணினோம். உமையாழி தடுத்தார். பீடம் தமக்குக் கிடைக்குமோ கிடைக்காதோ என்றிருந்த வேளையில், அதை ஈயும் கையையே மறித்துப் பேசினார்: "அவர அடிச்சீங்கன்னா, நாளைக்கு எல்லா எழுத்தரும் நமக்குப் பிடிச்சதத்தான் எழுதுவாங்க. எல்லாக் கெழமையும் வெள்ளிக்கெழமை ஆயிடும் சாமி." எய்தவர் நாமிருக்க அம்பை நோவானேன் என்று பெரியநக்கரை விடுத்தோம். இனி வெள்ளிக்கிழமையும் அளந்ததையே எழுதுவார். மஞ்சள் பொட்டை அதன் பக்கத்தில் அவர் தாராளமாக வைத்துக்கொள்ளட்டும்.

உமையாழி இப்பீடத்தை இரக்கத்தால் பெறவில்லை. இதற்குமுன் மூன்று முறை எழுத்துச்சாலைக்கு விண்ணப்பித்தார். மூன்று முறையும் குடிப்பெயர் கேட்டுத் திருப்பினோம். விளக்கெண்ணெய் கறுத்த விரலால் ஓலையில் வரிவரியாய்த் தொட்டு எண்ணிக் கற்றவர் அவர். அகவை முப்பத்தாறில் புதிய தொழிலா என்று அவையில் ஒருவர் நகைத்தார், மன்னர் நகைக்கவில்லை. இத்திங்கள் முதல் உமையாழியார் என்றே அவரை எழுதுவீராக.

இனி ஆணை. இவ்வோலை உம் கை சேர்ந்த நாழிகையிலேயே, கிழமை பாராமல், ஈச்சங்குடி மதகைத் திறப்பீராக. மழைநீரை நம்பி விதைத்த பயிர் பால் பிடிக்கும் பருவம், ஒரு நாள் தாழ்த்தினாலும் பதராகும். இழந்த முறைகளுக்கு ஈடாகத் தை முடியும்வரை அவ்வூர்க்கு வாரம் இருமுறை நீர் விடுக. திருடர் என்று பறையறைந்த அதே முச்சந்தியில் நீரே நின்று, ஈச்சங்குடியார் திருடவில்லை என்றும், குற்றம் சாட்டியவர் நாட்டதிகாரி என்றும், படித்துப் பாராமல் முத்திரை இட்டவர் ஓலைநாயகம் கூத்தன் பொறையுடையார் என்றும், பெயர் விடாமல் அறைவிக்கக் கடவீர். நம் பெயரை மெல்லச் சொல்லச் சொல்லிப் பறையறைவோனுக்குச் சைகை காட்டவேண்டா.

உமையாழியாரின் முதற்பணியாக, நாம் பத்தொன்பது ஆண்டுகளாக முத்திரையிட்ட ஆணைகளையும் அவற்றுக்குச் சான்றான ஓலைகளையும் அவர்முன் வைத்துவிட்டோம். நேற்று முதலாண்டுக் கட்டை முடித்தார். அதிலிருந்து இரண்டு ஓலைகளைத் தனியே எடுத்து வைத்திருக்கிறார். அவை எவை என்று கேட்க நமக்கு நேற்றுத் துணிவு வரவில்லை. இவ்வோலையை முடித்ததும் எழுந்து சென்று கேட்போம்.

நீர்வழி நேராகுக, குடிகள் நிறைக. இது மன்னர் ஆணை. முத்திரை ஓலைநாயகம் உடையது. முழுதும் இருமுறை படித்தபின் இட்டது.