சவுட்டச் சொன்னவள்

வியாழக்கிழமை, இரவு

இன்று காரை சர்வீஸுக்கு விட்டேன். மெக்கானிக் ஸ்கிரீனைப் பார்த்துவிட்டு, "மைலேஜ் நல்லா கூடியிருக்கே அண்ணா, எப்பிடி ஓட்டுதிய?" என்று கேட்டான்.

"மெதுவா" என்றேன்.

மைலேஜுக்காகத்தான் ஹைபிரிட் எஸ்யூவியே வாங்கினேன். எப்போதும் எகோ மோடுதான். ஸ்டெல்லாவுக்கோ கல்யாணமான நாளிலிருந்தே எல்லாவற்றிலும் அவசரம். "சர்ச்சுல பாட்டு தொடங்கிரும், பவர்ல போட்டு சவுட்டுங்க" என்று ஞாயிறுதோறும் பக்கத்து சீட்டிலிருந்து சண்டை பிடிப்பாள். பெட்ரோல் போகிறதே என்று முணுமுணுத்துக்கொண்டேதான் ஆக்ஸிலேட்டரைச் சவுட்டுவேன்.

அவளை அடக்கம் செய்து மூன்று மாதமாகிறது. சவுட்டச் சொல்ல ஆளில்லாமல் மைலேஜ் கூடிவிட்டது.

சாயங்காலம் காரை எடுத்துக்கொண்டு திரும்பும்போது அருமனை ஏற்றத்தில் பவர் பட்டனை அழுத்தி, முழுக்கச் சவுட்டினேன். எஞ்சின் உறுமியது.

"போதுமா, ஏட்டி?" என்று இடது பக்கம் திரும்பிக் கேட்டுவிட்டேன்.