இரண்டு முறை அடிக்கும் சுரம்

புந்தோங், ஈப்போ
செவ்வாய்க்கிழமை

அன்புள்ள தினேஸ்வரிக்கு,

உன் அத்தான் ஜெயபாலன் எழுதுவது. மெல்பர்னில் நீயும் பிள்ளைகளும் சுகமாக இருக்க வேண்டுகிறேன். போன் செய்தால் எடுக்க மாட்டாய் என்பதால் இந்த மின்னஞ்சல். தயவுசெய்து கடைசி வரை படி.

உன் அக்கா கலாதேவிக்குப் பக்கவாதம் வந்து ஐந்து வாரம் ஆகிறது. வலது கை அசைவதில்லை. "இல்ல" என்ற ஒரு சொல்தான் வாயில் வருகிறது. வியாழக்கிழமை காலை தலையில் அறுவை சிகிச்சை. பிழைத்துவிடுவாளா என்று கேட்டேன். பார்ப்போம் என்று சொல்லிவிட்டு டாக்டர் போய்விட்டார்.

விழுவதற்கு முன் பியானோவுக்கு ஓர் இசை எழுதி முடித்திருந்தாள். இனி அவளால் வாசிக்க முடியாது. ஒரு தடவையாவது கேட்க வேண்டும் என்று இடது கையால் அந்தத் தாள்களையே காட்டுகிறாள். நீ முன்பு லேப்டாப்பில் போட்டுக்கொடுத்த இசை அச்சு மென்பொருளில் ஒவ்வொரு சுரமாக ஏற்றினேன். மோட்டார் பழுதுபார்க்கிறவன்தானே, இரண்டு வாரம் பிடித்தது.

ஓரிடத்தில் மாட்டிக்கொண்டேன். ஒரே நேரத்தில் ஓடும் இரண்டு குரல் வரிகளில், மேல்குரலில் தொடங்கும் சுரம் அடுத்த கட்டத்தில் கீழ்க்குரலில் நீள வேண்டும். ஒரே அடி, விடாமல். மென்பொருளோ, சுரத்தை நீட்டும் இணைப்புக் கோட்டை ஒரே குரலுக்குள்தான் போடுகிறது. வேறொரு வளைகோட்டை வரைந்து ஒட்டினேன். பார்வைக்குச் சரியாக இருந்தது. ஒலிக்கவிட்டால் அந்தச் சுரம் மறுபடி அடித்தது. அவள் "இல்ல, இல்ல" என்று கட்டிலைத் தட்டி அழுதாள். இரண்டு குரலையும் ஒன்றாக்கிப் பார்த்தேன், மற்ற சுரங்கள் கலைந்துவிட்டன. இசைக்கடை பவித்ரன், "ஒரு சுரம்தானே அண்ணே, விட்டுருங்க லா" என்றான். அவளிடம் போய் அதை எப்படிச் சொல்வேன்?

உங்கள் அம்மாவின் கருமாதிக்கு நீ வரவில்லை என்று அவள் பேசியது அதிகம்தான். நான் தடுத்திருக்க வேண்டும். நாலு வருஷம் ஓடிவிட்டது. முதல் தாளின் தலைப்பில் உன் பெயரை எழுதியிருக்கிறாள். என்னிடம்கூடச் சொல்லவில்லை, ஏற்றும்போதுதான் பார்த்தேன்.

அந்த மென்பொருள் கோப்பை இத்துடன் அனுப்புகிறேன். இசைப் புத்தகங்களை அச்சுக்குத் தயார் செய்வதே உன் வேலை, உனக்கு வழி தெரியாமல் இருக்காது. நாளைக்குள் சொல். எழுத வேண்டாம்மா, உன் குரலில் பதிந்து அனுப்பு. போனை அவள் காதருகே வைத்துக்கொண்டுதான் நான் கேட்பேன்.

நீ நன்றாக இருக்க வேண்டும்.

உன் அத்தான்,
ஜெயபாலன்